வரேன்

எங்கிருந்து கிளம்பினாலும் "வரேன்" என்று சொல்லாமல் தையல்காரர் நகர மாட்டார். துக்க வீட்டில்கூட அப்படிச் சொல்லிவிட்டு, மனைவியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

தேசியப் பூங்காவின் பெரிய குகைக்குள் அன்று வழிகாட்டியோடு அவர் மட்டும்தான் இறங்கினார். முழங்கால் வலி என்று மனைவி காரிலேயே தங்கிவிட்டாள்.

கடைசி அறையில் வழிகாட்டி விளக்கை அணைத்துக் காட்டினார். தன் கையே தனக்குத் தெரியாத இருட்டு. பிறகு டார்ச்சைப் போட்டுக்கொண்டு அவர் படியேற ஆரம்பித்தார்.

பின்னால் கிளம்பிய தையல்காரர் பழக்கதோஷத்தில் இருட்டைத் திரும்பிப் பார்த்தார். "சரி, வரேன்."

"வரேன்" என்று கரகரப்பாகத் திரும்பி வந்தது.

தையல்காரருக்கு ஒரே குஷி. வழிகாட்டியை எட்டிப் பிடித்தார்.

"உங்க குகையில எதிரொலி பிரமாதம்பா."

வழிகாட்டி நின்றுவிட்டார்.

"இங்க எதிரொலியே வராது சார். சுவரெல்லாம் பொத்தல். எவ்வளவு கத்தினாலும் சத்தத்தை முழுங்கிடும்."

"என் காதால கேட்டேனே."

வழிகாட்டி மீதிப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறிப் போய்விட்டார்.

தையல்காரர் மூச்சு வாங்க ஓடி வந்து காரில் ஏறிக் கதவைச் சாத்தினார். சாவியைத் திருகுவதற்குள் மனைவி அவர் காதருகே குனிந்தாள்.

"ஏங்க, பின்சீட்டுல வந்து உட்கார்ந்திருக்காரே, உங்களுக்குத் தெரிஞ்சவரா? எங்க இறங்கணும்னு கேட்டா, 'வரேன்'னு மட்டும்தான் சொல்றாரு."