வெள்ளிக்கிழமை வரைக்கும்

செவ்வந்தியம்மாளின் கண்கள் சிவந்து கிடந்தன, மூக்கு நுனியும் சிவந்திருந்தது. கையில் ஒரு கசங்கிய கைக்குட்டை. பூப்பாத்தியின் நட்டநடுவே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, வந்தவர்களை முறைத்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு காலி வாளி. பாத்தி மண் அப்போதுதான் தண்ணீர் குடித்த ஈரத்தில் இருந்தது.

ராத்திரியெல்லாம் அழுதிருப்பார் போல என்று நினைத்துக்கொண்டார் ஆறுச்சாமி. சரவணம்பட்டியில் இருந்த அந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அவர் செக்ரட்டரியாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஏ பிளாக் முன்னால் இருக்கும் பூப்பாத்தியை எடுத்துவிட்டு பைக் நிறுத்த இடம் செய்வதுதான் அவர் தொட்ட முதல் காரியம். இதில் சறுக்கினால் அப்புறம் வாட்ச்மேன்கூட மதிக்க மாட்டான்.

நல்லவேளையாக எதிர்வீடு பூட்டிக் கிடந்தது. இன்னொரு ஆளுக்குப் பதில் சொல்லும் வேலை மிச்சம்.

"ஏனுங்க்கா, கொஞ்சம் எந்திரிங்க. ஆளுக காத்துட்டிருக்காங்க."

"காத்துட்டிருக்கட்டும். வெள்ளிக்கெழம வரைக்கும் இதுல ஒருத்தரும் கை வெக்கக் கூடாது."

"வெள்ளிக்கெழமைல செடியப் புடுங்கக் கூடாதுன்னுதானுங்க புதன்கெழமையே வந்தோம்."

"நாளு, நச்சத்திரமெல்லாம் நான் பாக்கறதில்லீங்க தம்பி."

ஆறுச்சாமி பாத்தியைப் பார்த்தார். எக்கினேசியாவாம், வாயில் நுழையாத பெயர். ஊதா இதழ்கள் கீழே தொங்க, நடுவில் முள்ளு முள்ளாய் ஒரு மண்டை. பாதிச் செடி பூ முடிந்து, கறுத்த குச்சியாய் நின்றது. சாமிக்கும் ஆகாத, தலைக்கும் ஆகாத இந்தப் பூவுக்கா இத்தனை பிடிவாதம்? ஆனாலும் பேரே செவ்வந்தி. பூ என்றால் உயிராகத்தான் இருக்கும்.

"நாலஞ்சு தடவ புகார் வந்திருக்குதுங்க்கா. பூச்சி வருது, காஞ்ச குச்சியப் பாக்கச் சகிக்கலைன்னு. போன கமிட்டி கண்டுக்காம உட்டுட்டாங்க."

"ஆரு சொன்னாங்களாம்?"

"பேரு தெரியலீங்க. இந்த பிளாக்குத்தான்னாங்க."

செவ்வந்தியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைத் துடைத்தார். ஆறுச்சாமிக்கு என்னவோபோல் ஆகிவிட்டது.

"வேணும்னா வேரோட எடுத்துத் தொட்டில வெச்சுக் குடுத்தர்றேனுங்க."

"தொட்டிக்கு அடங்கற செடியா இது? மூணு வருசமாத் தெனமும் பாத்துட்டிருக்கறேன். செவுத்துக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவங்க மிதிச்சுத் தொவைச்சுப் போட்டாங்க. ஒருக்கா மொட்டையா வெட்டிப் போட்டாங்க. என்ன பண்ணுனாலும் வேர்ல இருந்து மறுக்கா வந்து நிக்குது."

பெருமையைப் பார் என்று நினைத்துக்கொண்டார் செக்ரட்டரி. இனிப் பேசிப் பிரயோசனமில்லை. பின்னால் கடப்பாரையோடு நின்ற ரசாக்கிடம், "அந்த ஓரத்துல இருந்து ஆரம்பிங்க" என்றார்.

ரசாக் கடப்பாரையைத் தூக்கினார். செவ்வந்தியம்மாள் எழுந்தார், நாற்காலியை அந்த ஓரத்துக்கே இழுத்துப் போட்டார், செடிகளுக்கு நடுவே இரண்டு காலையும் ஊன்றி மறுபடி உட்கார்ந்தார்.

"போடுங்க. மொதல்ல என்ற கால் மேல போடுங்க."

ரசாக் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டார். "எங்கம்மா வயசுங்க சார். என்னால ஆகாதுங்க."

மேல்மாடியில் ஒரு பெண் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். செவ்வந்தியம்மாள் அண்ணாந்து பார்த்து, "நல்லாப் புடிச்சு குரூப்புல போடு கண்ணு. செக்ரட்டரி மொகம் தெரியோணும்" என்றார். மாடியெல்லாம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அதோடு அவர் கண்களில் இருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

ஆறுச்சாமி அவ்வளவுதான், இளகிவிட்டார். "அழுகாதீங்க்கா."

"நானெங்க அழுதேன்?" என்று சொல்லி முடிப்பதற்குள் அடுக்கடுக்காகத் தும்மல் வந்தது. பாவம், அழுது அழுது ஜலதோசமே பிடித்துவிட்டது.

"செரி, செடி இருந்துட்டுப் போகட்டும். பைக்கப் பின்னால எங்கியாச்சும் நிறுத்திக்கறோம். கமிட்டில நான் பேசிக்கறேன்" என்றார். ரசாக்கும் அவருடைய ஆளும் சாமான்களை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

தோற்றவர் வெறுங்கையோடு போக மனமில்லாமல் நின்றார். "எங்கூட்டுக்காரிக்கும் செடின்னா உசுருங்க. ஒரு நாத்துக் குடுப்பீங்களாக்கா?"

"அத எதுக்கு எங்கிட்டக் கேக்கறீங்க?" செவ்வந்தியம்மாள் பூட்டிக் கிடந்த எதிர்வீட்டைக் கைக்குட்டையால் காட்டினார். "கிருபா டீச்சர் வெச்ச செடி. ஹார்ட் ஆப்ரேசன் பண்ணி ஆஸ்பத்திரில கெடக்கறா. பாக்கறதுக்கு ஆளில்லாத ஒண்டிக்கட்ட. வெள்ளிக்கெழம ஊட்டுக்கு வாரா, அவளக் கேளுங்க."

ஆறுச்சாமி வாளியைப் பார்த்தார், ஈர மண்ணைப் பார்த்தார். "ரெண்டு பேரும் அத்தன சிநேகமுங்களா?"

"சிநேகமா? பேச்சுவார்த்தை நின்னு மூணு வருசமாச்சு." அவர் நாற்காலியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "அவ நல்லபடியா வந்து சேரட்டும், நேருக்கு நேரா நின்னு சண்டை போட்டுக்கறேன். ஆளில்லாத நேரம் பாத்துப் புடுங்கறதுக்கெல்லாம் நான் ஒத்துக்க மாட்டேன்."

"அப்படி என்னங்க சண்டை?"

செவ்வந்தியம்மாள் பக்கத்தில் ஆடிய பூவை முறைத்து, இன்னொரு தும்மலைப் போட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தப் புகாரெல்லாம் சொன்னதே நாந்தானுங்க தம்பி."