ஓட்டைக் கூரை

யூதர்களின் கூடாரத் திருநாள் வந்தது. எலியாகு வீட்டு முற்றத்தில் பந்தல் எழும்பியது. திருநாள் முடியும்வரை சாப்பாடெல்லாம் அதற்குள்தான். கூரையாக யார் ஏறுவது என்று தென்னங்கீற்றுக்கும் தகரத்துக்கும் சண்டை மூண்டது.

"அடேய் ஓட்டைப்பயலே, வழியை விடு!" என்றது தகரம். "என்னைப் போட்டா ஒரு சொட்டு இறங்காது. உன்னை நம்பி எவன் தலையைக் கொடுப்பான்?"

கீற்று தன் இடுக்குகளைப் பார்த்துக்கொண்டது. ஒழுகுவது உண்மைதானே! மேலே ஏறாவிட்டால் அடுப்புதான் கதி.

எலியாகு வந்தார். தகரத்தைக் காலால் ஒதுக்கினார்.

"வானம் தெரியாத கூரைக்கு இங்கே வேலையில்லை. அது எங்க சட்டம்."

கீற்றைத் தூக்கி மேலே போட்டார். அண்ணாந்து பார்த்தார். அடர்த்தி அதிகம் என்று கொஞ்சம் ஓலையை உருவியும் எறிந்தார்.

"ஐயையோ, என் ஓட்டை போதாதாம்!" என்று கூவியது கீற்று, சந்தோஷம் தாங்காமல்.

சாயங்காலம் எலியாகுவின் மகள் சிம்ஹா பந்தல் வாசலில் வந்து நின்றாள். கடவுள் உண்டா என்ற கேள்வி வந்த நாளிலிருந்து அவள் எந்த வருஷப் பந்தலுக்குள்ளும் கால் வைத்ததில்லை.

"அப்பா, என் சந்தேகம் இன்னும் போகலை."

"அதையும் கூட்டிக்கிட்டு வந்து உட்காரு. சூப் ஆறுது."

அவள் உட்கார்ந்தாள். ஓலை இடுக்கு வழியாக அண்ணாந்து பார்த்தாள்.

சுவரோரம் கிடந்த தகரத்துக்குப் பொறுக்கவில்லை. "யோவ் கீற்று, அப்படி என்னதான்யா தெரியுது அவளுக்கு?"

"எனக்கென்ன தெரியும்? அண்ணாந்த தலையை இன்னும் இறக்கவே இல்லை அவ."