கால் மணி நேரக் கச்சேரி

"போதகரே, இனி அந்தத் தெருவுல ஒண்ணு அந்தக் கிட்டாரு இருக்கணும், இல்லைன்னா நான் இருக்கணும்" என்றாள் நேசபாய்.

போதகர் குடையை மடக்கி வைப்பதற்குள் பாதிப் புகார் முடிந்துவிட்டது.

புகார் ரசலையன் மேல். குலசேகரத்தில் ரப்பர் எஸ்டேட் கிளார்க். நேசபாய்க்குப் பக்கத்து வீடு. எஸ்டேட் வீடுகளுக்கு ஒரே கூரை, நடுச்சுவரும் ஆள் உயரத்தோடு நின்றுவிடும். இந்த வீட்டில் மிளகாய் வறுத்தால் அந்த வீட்டில் தும்முவார்கள்.

சுதந்திரம் வந்த மறுவருஷம் சீமைக்குக் கிளம்பிய எஸ்டேட் துரை, ரசலையனுக்குத் தன் கிட்டாரைக் கொடுத்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். தினமும் கால் மணி நேரம் பழகினால் எந்த வயசிலும் வந்துவிடும் என்று ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டுப் போனார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

"ஒரு வருஷமாச்சு. இன்னும் ஒரு பாட்டு உருப்படியா வரல்ல. சத்தம் மட்டும் நாளுக்கு நாள் கூடுது. பூங்கனி பாவம், சத்தம் தாங்காம அடுக்களைக்குள்ள கதவச் சாத்திக்கிட்டு இருக்கா. பெண்டாட்டியே பொறுக்காத பாட்ட நாங்க எதுக்குப் பொறுக்கணும்?"

போதகருக்கும் நியாயமாகத்தான் பட்டது. அன்று சாயங்காலமே போனார்.

ரசலையன் சாத்திய அடுக்களைக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, கம்பிகளை வாரி வாரி அடித்துக்கொண்டிருந்தார். பாட்டு என்று ஒன்றும் இல்லை. நடுநடுவே கிட்டாரின் கட்டையில் விரலால் 'டொக்' என்று ஒரு தட்டு வேறு.

போதகரைக் கண்டதும் எழுந்து பெஞ்சைத் துடைத்துப் போட்டார்.

"அந்தத் தட்டு என்ன, தாளமா?" என்று கேட்டார் போதகர்.

"அப்பிடித்தான்னு வச்சிக்கிடுங்க" என்றார் ரசலையன்.

கொஞ்சம் மெதுவாக அடிக்கலாமே என்றார் போதகர். முடியாது என்றார் ரசலையன். மார்த்தாண்டத்தில் கிட்டார் தெரிந்த ஒருவர் இருக்கிறார், சொல்லிவிடட்டுமா என்றார். வேண்டாம் என்றார் இவர். சரி, ரப்பர் மரத்து மூட்டுக்குப் போய் அடிக்கலாம், மரமா சண்டைக்கு வரப்போகிறது? அதுவும் ஆகாதாம். வீட்டில்தான் அடிப்பாராம், உரக்கத்தான் அடிப்பாராம்.

போதகருக்கே கோபம் வந்துவிட்டது.

"கோவப்படாதிங்க. பெண்கள் பண்டிகை வரைக்கும் பொறுத்துக்கிடணும். அதுக்குப் பொறவு நீங்க சொன்னா இத அடுப்புலயே வச்சிருதேன்" என்றார் ரசலையன்.

பண்டிகையில் வாசிக்க ஆசைப்படுகிறார் போலிருக்கிறது என்று போதகர் நினைத்தார். நேசபாயும் அப்படியே நினைத்து, காதில் வைக்கப் பஞ்சு கொண்டு வரும்படி தெரு முழுக்கச் சொல்லி வைத்தாள்.

பண்டிகை ஞாயிறு வந்தது. ரசலையன் கோயிலுக்கு வெறுங்கையோடு வந்து ஆண்கள் பக்கம் உட்கார்ந்தார்.

அன்றைக்குப் பெண்கள்தான் முறை வைத்து வேதபாடம் வாசிக்க வேண்டும். நேசபாய்க்கு வழக்கம்போலத் தொண்டைக்கட்டு. அடுத்தது பூங்கனி. அவளுக்கு வருஷா வருஷம் தலைவலி வரும் என்பதால், போதகரம்மா தானே வாசிக்க எழுந்தார்.

அதற்குள் பூங்கனி எழுந்துவிட்டாள்.

முன்னால் போய் வேதத்தைத் திறந்தாள். வாயைத் திறந்ததும் கோயிலே அதிர்ந்தது. அப்படி ஒரு சத்தம். சந்தையில் மீன் விற்கிறவள்கூட அவ்வளவு உரக்கக் கூவமாட்டாள். மூலையில் தூங்கிக்கொண்டிருந்த, மணியடிக்கிற கோயில்பிள்ளை விழுந்தடித்து எழுந்து நின்றார்.

எழுத்தெழுத்தாக, ஆனால் நிற்காமல் வாசித்தாள். பதற்றத்தில் ஒரு வரியை விட்டுவிட்டாள்.

ஆண்கள் பக்கம் பெஞ்சில் 'டொக்' என்று ஒரு தட்டு.

பூங்கனி சட்டென்று திரும்பிப் போய், விட்ட வரியை வாசித்தாள். நேசபாயின் கழுத்து மெல்ல ஆண்கள் பக்கம் திரும்பியது.

ஆராதனை முடிந்ததும் போதகர் ரசலையனை வெளியே பிடித்துக்கொண்டார். பின்னாலேயே நேசபாயும் வந்து நின்றாள்.

"நாப்பது வயசுல எழுத்து படிக்கது பக்கத்து வீட்டுல கேட்டா நாணக்கேடுன்னு ஒரே அழுகை. சத்தம் போட்டுப் படிக்காம எழுத்து மனசுல நிக்குமா? அதான் அவ படிக்க கால் மணி நேரமும் நான் சத்தம் போட்டேன்" என்றார் ரசலையன்.

"அப்ப கிட்டாரு?"

"அது எங்க வந்துது போதகரே. காது ரெண்டும் அடுக்களைக்குள்ள கெடந்தா வெரலு எப்பிடி ஒழுங்காப் போவும்?"

பக்கத்தில் வந்து நின்ற பூங்கனி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். போதகருக்குக் கண் கலங்கிவிட்டது. நேசபாய் மட்டும் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் சாயங்காலம் தெருவில் சத்தமே இல்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் ரசலையன் வீட்டு வாசலில் நேசபாய் வந்து நின்றாள். சேலைத் தலைப்புக்குள் எதையோ மறைத்துப் பிடித்திருந்தாள்.

சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று ரசலையன் முந்திக்கொண்டார். "இனி சத்தம் கேக்காது நேசபாய். கிட்டாரக் கெட்டிப் பரணுல போட்டாச்சு."

நேசபாய் தெருவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். தலைப்பை விலக்கினாள். உள்ளே வேதபுஸ்தகம்.

"எறக்குங்க அண்ணே" என்றாள் மெதுவாக. "இன்னைக்கு இன்னும் கொஞ்சம் உரக்க அடிக்கணும். உள்ள ரெண்டு பேரு படிக்கணும்லா."