ஒரு காய்கூட வீணில்லை

“போன வருஷம், லாபு ஊரில் இந்த அம்மா போட்ட வெண்டைக்காயில் பாதி வீண். இந்த வருஷம் போன் போட்டு விசாரித்தோம். ஒரு காய்கூட வீணில்லை!” சிரம்பான் மண்டபத்தில் உணவு விரய அளவீட்டுத் திட்டத் தலைவர் ரகுநாத் முழங்கினார். “அளந்தால் விரயம் குறையும் என்று உலகத்துக்கே காட்டிவிட்டோம்!”

கைதட்டல் எழுந்தது. கேடயத்தை வாங்கிய குமுதவல்லி மேடையை விட்டு நழுவப் பார்த்தார்.

“இருங்கம்மா, பெரிய பரிசே இனிமேதான். அடுத்த தடவையும் உங்க தோட்டத்தையே அளக்கப்போறோம். நானே நேர்ல வர்றேன்!”

குமுதவல்லிக்கு முகம் வெளுத்தது.

“ஐயோ வேணாம் சார். அந்த வெண்டைக்காய வித்துத்தான் எங்க வீட்டுல அடுப்பெரியுது.”

“கூச்சப்படாதீங்க. விரயத்தை எப்படிக் குறைச்சீங்க? அந்த ரகசியத்தை மைக்குல சொல்லுங்க.”

“இதுல என்னா ரகசியம் லா? வெண்டைக்காய ரெண்டு நாள் பறிக்காம விட்டா முத்திப் போயிரும். போன வருஷம், ‘நாங்க வந்து அளக்கிற வரைக்கும் ஒரு காயையும் தொடக்கூடாது’ன்னு சொல்லிட்டு, ஒரு வாரம் கழிச்சுத்தான் வந்தீங்க.”

“சரி... இந்த வருஷம்?”

“இந்த வருஷம் நீங்க வரவே இல்லையே சார்!”

குமுதவல்லி கேடயத்தை ரகுநாத்தின் கையிலேயே திணித்தார்.

“இது உங்களுக்குத்தான் சேரணும்.”