அணில் பொந்தில் கண்டது

மைனாக்களின் நீல முட்டைகள் சில காணாமல் போயின. வேவு பார்த்துவிட்டு வந்த மைனா மஞ்சமூக்கன், "அணில் பொந்துக்குள் நீலமாக ஏதோ தெரிகிறது. முட்டை ஓடாக இருக்கலாம்" என்று தலைவரிடம் சொன்னது.

தலைவர் கூட்டத்தில், "நம் முட்டை ஓடேதான்" என்றார்.

சண்டை நடந்தது. அணில் குடும்பம் மரத்தை விட்டே ஓடியது. பொந்துக்குள் கிடந்தது ஒரு நீலநிற பாட்டில் மூடி.

மஞ்சமூக்கனின் காயம்பட்ட சிறகை அதன் மனைவி பொன்காலி மெல்லக் கோதிவிட்டது.

"தலைவர் பொய் சொன்னாரா, ஏமாந்துபோனாரா?"

"தெரியவில்லை. நான் 'இருக்கலாம்' என்றுதான் சொன்னேன்."

"அதைக் கூட்டத்தில் சொல்லியிருக்கலாமே?"

"எல்லாரும் என்னைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள், பொன்காலி."

பொன்காலி இன்னும் நெருங்கி உட்கார்ந்து, அடுத்த இறகைக் கோதத் தொடங்கியது.