கடிக்காத ரம்பம்

"கத்துது பாய், ஆனா கடிக்க மாட்டேங்குது," என்று சொல்லி, மோட்டார் ரம்பத்தை இறக்கி வைத்தார் சகாயநாதன்.

கியாசுதீன் உடனே நிமிரவில்லை. நிமிர்ந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும். மன்னார்புரம் ரோட்டோரம், தூங்குமூஞ்சி மரத்தடியில் குனிந்து குனிந்து மோட்டார் சைக்கிள் ரிப்பேர் பார்த்துத் தேய்ந்த முதுகு அது. கொட்டகை என்று எதுவும் கிடையாது. மரத்தில் நாலு ஆணி, ஆணியில் பழைய டயர், வேரில் ஸ்பானர் பெட்டி. கடை அவ்வளவுதான்.

"எங்கே பிடிச்சீங்க இதை?"

"நீலகிரி எஸ்டேட் ஏலத்துல. ஜெர்மன்காரன் செஞ்சதாம்."

"செஞ்சவன் ஜெர்மன்காரன்தான். பாழாக்கினவன் யாரோ."

சகாயநாதன் ரோட்டோர மரங்களை வெட்டும் காண்ட்ராக்டர். பல நாள் தூங்காதவர் போல இருந்தார். "பெரிய மரம் பாய். ரெண்டு ஆளு சேர்ந்தாத்தான் கட்டிப்பிடிக்க முடியும். கை ரம்பத்தை நம்பினா கெடுவுக்குள்ள முடியாது. எப்படியாச்சும் ஓட வைங்க," என்றார்.

கியாசுதீன் ரம்பத்தைப் புரட்டிப் பார்த்தார். இப்படி ஒன்றை இதுவரை தொட்டதில்லை. ஆனாலும் உள்ளே இருப்பது பெட்ரோலில் ஆயில் கலந்து குடிக்கிற இன்ஜின்தானே, பைக்குக்குத் தம்பி. வாங்கி வைத்துக்கொண்டார்.

அவருக்கும் வேறு வழியில்லை. "இப்படி எத்தனை நாளைக்கு ஓட்டுறது? மதராஸ்ல எங்கண்ணன் கடைக்கே போயிடலாங்க," என்று மனைவி ஷரபுன்னிசா மூட்டை கட்டாத குறை. மச்சினன் கடையில் கைகட்டி நிற்பதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை. "இந்த ரம்பம் ஓடட்டும். தென்னூர் மரக்கடைக்காரங்க அத்தனை பேரும் தேடி வருவாங்க," என்று அவளிடம் கெஞ்சினார்.

"ஓடிச்சுன்னா இங்கேயே இருப்போம். ஓடலைன்னா ரயிலுக்கு டிக்கெட் எடுங்க," என்று அவளும் இறங்கி வந்தாள்.

அன்றிலிருந்து ரம்பத்தோடு மல்லுக்கட்டு. பைக் ரிங் ஒன்றை ராவிப் பிஸ்டனுக்குப் பொருத்தினார். சைலன்சரில் அடைந்திருந்த கரியைச் சுரண்டி, தடுப்புத் தகட்டில் கூடுதலாக இரண்டு ஓட்டை போட்டார். இன்ஜின் மூச்சு விட்டது, வேகமும் ஏறியது. ஆனால் மரத்தில் வைத்தால் பழைய கதைதான், வெறும் கூச்சல்.

சகாயநாதன் தினமும் சாயங்காலம் வந்து வேரில் உட்கார்ந்துகொள்வார். ரம்பத்தைப் பற்றி ஒன்றும் கேட்கமாட்டார். ஏதோ சொல்ல வாயெடுப்பார், பிறகு பீடி பற்றவைப்பார்.

"மதராஸ் போற பேச்சு என்னாச்சு பாய்?" என்றார் ஒரு நாள்.

"நான் ஏன் போறேன்? இது ஓடிட்டா இந்த எடத்தை விட்டு நகர மாட்டேன்."

"மதராஸும் நல்ல ஊருதான்," என்று முனகினார் சகாயநாதன்.

கியாசுதீனுக்குச் சிரிப்பு வந்தது. ரம்பத்தைக் கொடுத்துவிட்டு ஊரை விட்டும் போகச் சொல்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறார். பேச்சை மாற்றினார். "ரெடியானா அன்னைக்கே வெட்டிடுவீங்களா?"

"அதெப்படி? மொதநாள் சாயங்காலம் காளியாயி போய் மரத்துக்கிட்ட சொல்லணும். எங்காளுங்கள்ல கிளை கழிக்கிறவ அவதான். நான் மாதா கோயிலுக்குப் போய் பூசை பாக்கிறவன், ஆனா அவ கற்பூரம் காட்டாம ஒருத்தனும் கோடாலியைத் தொட மாட்டான்."

"மரத்துக்கிட்ட என்ன சொல்லுவா?"

"மரத்துக்கிட்ட மன்னிப்பு. அதுல குடியிருக்கிற காக்கா குருவிக்கெல்லாம், வேற எடம் பாத்துக்கங்கன்னு தாக்கல்."

"கேட்டுக்கிட்டுப் போயிடுமாக்கும்," என்றார் கியாசுதீன். சகாயநாதன் சிரிக்கவில்லை.

கடைசியில் குற்றம் பிடிபட்டது. சங்கிலியில் ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சின்னத் திமில். யாரோ பல்லைத் தீட்டித் தீட்டிக் குட்டையாக்கியிருந்தான், திமிலை அப்படியே விட்டிருந்தான். திமில் முட்டிக்கொண்டு நின்றால் பல் எப்படி மரத்தைத் தொடும்? கியாசுதீன் அரத்தை எடுத்து ஒவ்வொரு திமிலாகத் தணித்தார், பல்லை உருட்டு அரத்தால் கூராக்கினார். விரல்கள் மரத்துப்போயின, கண் எரிந்தது. அசர் தொழுதுவிட்டு வந்து கார்புரேட்டர் திருகையும் சரிசெய்தார்.

சகாயநாதன் வந்ததும் கியாசுதீன் புளியங்கட்டை ஒன்றை உருட்டிப் போட்டு, ரம்பத்தின் கயிற்றை இழுத்தார். மரத்திலிருந்த மைனாக்கள் அலறிப் பறந்தன. பீடி பற்றவைக்கிற நேரத்தில் கட்டை இரண்டாகிவிட்டது.

கியாசுதீனுக்கு மனசு குளிர்ந்தது. இத்தனை நாள் களைப்பும் ஒன்றுமில்லை என்று தோன்றியது. வீட்டுக்குப் போனதும் ஷரபுன்னிசாவிடம் என்ன சொல்வது என்றுகூட யோசித்துவிட்டார்.

"இனிமே எப்பேர்ப்பட்ட மரமும் உங்க முன்னால நிக்காது," என்றார்.

"உங்க கை தங்கக் கை பாய்," என்ற சகாயநாதன் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த நேரத்தில் காளியாயி தட்டில் தேங்காய், கற்பூரத்தோடு வந்தாள். மரத்தடி வேரிலிருந்த ஸ்பானர் பெட்டியைப் பதமாக நகர்த்தி வைத்துவிட்டு, அந்த இடத்தில் கற்பூரம் ஏற்றினாள்.

"காக்கா, குருவி, மைனா, அணிலு, எறும்பு, இங்க குடியிருக்கிற எல்லாரும் விடியறதுக்குள்ள வேற எடம் பாத்துக்கங்க," என்று கிளைகளைப் பார்த்துச் சொன்னவள், மெல்லத் திரும்பினாள்.

"பாய், நீங்களும்."