லித்தோரி நிறுத்தம்

மலை செங்குத்தாகக் கடலில் இறங்கும் அந்தக் கிரேக்கக் கரையில், பழைய சாலை மூழ்கிப்போன பிறகும் ஏழாம் நம்பர் பஸ் அதே தடத்தில்தான் போகிறது. என்ன, இப்போது மிதந்துகொண்டு போகிறது. ஓட்டுவது தூத்துக்குடி ஜெசிந்தா. லித்தோரி என்ற ஊர் இருந்த இடம் வந்தால் வேகத்தைக் குறைப்பாள். தண்ணீருக்கு மேலே நிறுத்தத்தின் மஞ்சள் கம்பம் மட்டும் தெரியும்.

அன்று காலை ஓட்டுநர் திரையில் அறிவிப்பு வந்தது. ஓராண்டாக லித்தோரியில் யாரும் ஏறவில்லை, இறங்கவில்லை. இன்றோடு நிறுத்தம் ரத்து, வரைபடத்திலும் பெயர் இருக்காது.

ஜெசிந்தா அதை மைக்கில் உரக்க வாசித்தாள். லித்தோரியில் ரொட்டிக்கடை வைத்திருந்த ஸ்தவ்ரூலா எழுந்து மணியை அடித்தாள்.

“நிறுத்தும்மா. நான் இறங்கணும்.”

“அக்கா, ரெண்டாள் ஆழம் கெடக்கு!”

“எங்க ஊர்ல இறங்க எனக்குத் தெரியாதா?”

கதவு திறந்தது. ஸ்தவ்ரூலா செருப்பைக் கழற்றி வைத்தாள், டிக்கெட்டைக் காட்டினாள், தொபுக்கடீரென்று குதித்தாள். அவள் பின்னாலேயே தபால்காரர், பள்ளி வாத்தியார், புதுமணத் தம்பதி என்று அந்த ஊர்க்காரர்கள் பத்துப் பேரும் முறையாக டிக்கெட் காட்டி இறங்கினார்கள். கம்பத்தை ஒரு சுற்றுச் சுற்றி நீந்தினார்கள். பிறகு பஸ்ஸுக்கு வரிசை கட்டினார்கள்.

ஏறுகிறவரிடம் ஊர் கேட்டுப் பதிவது ஓட்டுநர் கடமை. சொட்டச் சொட்ட முதலில் ஏறிய ஸ்தவ்ரூலாவிடம் ஜெசிந்தா எழுந்து நின்றே கேட்டாள்.

“எந்த ஊர்ல ஏறுதிய?”

அவள் சொல்வதற்குள் தண்ணீரிலிருந்து பத்துக் குரல்கள் சொல்லிவிட்டன.